கைப்பேசித் தளத் தேர்வு

திறன்பேசி வாங்குபவர் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வதைத் தளத் தேர்வு என்கிறோம். ஐஓஎஸ், ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனுக்கு மட்டும் வைத்துக்கொண்ட மென்பொருள். ஆண்ட்ராய்டை உருவாக்கிய கூகுள், அதை சாம்சங், சியோமி, விவோ, ஓப்போ எனப் பல நிறுவனங்களும் தங்கள் கருவிகளில் பொருத்திக்கொள்ளக் கொடுக்கிறது. உலகில் புழங்கும் திறன்பேசிகளில் பத்துக்கு ஏழு ஆண்ட்ராய்டு. மீதி ஏறத்தாழ எல்லாம் ஐபோன். ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டால் கேமரா, வேகம், தோற்றம், பாதுகாப்பு என்று ஆளுக்கொரு காரணம் வரும். அவை பொய்யல்ல. ஆனாலும் ஒருவர் எந்த நாட்டில், என்ன வருமானத்தில், யார் யாருடன் பேசிக்கொண்டு வாழ்கிறார் என்று தெரிந்தால், அவர் கையில் இருப்பது எது என்பதை அவரைக் கேட்காமலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். சொந்த விருப்பம் என்று பேசப்படுவதில் சொந்தம் எவ்வளவு என்பதுதான் இத்தலைப்பின் சுவையான பகுதி.

இரண்டே மிஞ்சிய கதை

2007 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது தேர்வு இத்தனை குறுகலாக இல்லை. நோக்கியாவின் சிம்பியன், கனடாவின் பிளாக்பெர்ரி, பாம், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மொபைல் எல்லாம் களத்தில் இருந்தன. ஆண்ட்ராய்டு அப்போது கடைக்கே வரவில்லை. ஆண்டி ரூபினும் கூட்டாளிகளும் 2003இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய அந்தச் சிறு நிறுவனத்தை 2005இல் கூகுள் வாங்கியிருந்தது. தைவானின் எச்டிசி செய்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே ஆப்பிள் சுமார் 500 செயலிகளுடன் ஆப் ஸ்டோரைத் திறந்துவிட்டது.

போட்டியின் விதி அந்த ஆண்டோடு மாறியது. அதுவரை கருவி நன்றாக இருந்தால் போதும். இனிமேல் செயலி எழுதுபவர்களும் வந்து சேர வேண்டும். பயனர் இல்லாத இடத்துக்கு அவர்கள் வருவதில்லை. செயலி இல்லாத இடத்துக்குப் பயனர் வருவதில்லை. இந்தச் சுழலில் சிக்கி மாண்டவற்றில் விண்டோஸ் போன்தான் பரிதாபமானது. 2010இல் வந்த அதன் ஓடு வடிவ முகப்பு அழகானது, விலை குறைந்த கருவியிலும் தடங்கலின்றி ஓடியது. 2011 பிப்ரவரியில் நோக்கியாவே தன் சிம்பியனைக் கைவிட்டு அதன் பக்கம் வந்தது. ஆனால் கூகுள் அதற்கு யூடியூப் செயலி எழுதித் தரவில்லை. மைக்ரோசாஃப்ட் தானே எழுதிக்கொண்ட செயலியையும் கூகுள் 2013இல் முடக்கியது. இன்ஸ்டாகிராம் அந்த ஆண்டு நவம்பரில்தான் எட்டிப் பார்த்தது. நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை 2014இல் வாங்கி முடித்த மைக்ரோசாஃப்ட், மறு ஆண்டே 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. அதை விரும்பி வாங்கியவர்களின் ரசனையில் குறை ஒன்றும் இல்லை. அவர்கள் போதுமான எண்ணிக்கையில் இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதையின் ஒரு நுனி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பின்னர் அந்த வளாகத்தை வாங்கிய சால்காம்ப், ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்து தரும் நிறுவனம். இன்று அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலை ஐபோன்களையே பூட்டி அனுப்புகிறது. அவ்வூர்ச் சாலையோரக் கைப்பேசிக் கடைகளில் அதிகம் விற்பதோ ஆண்ட்ராய்டு.

விலை

தேர்வை முடிவு செய்யும் காரணங்களில் முதலாவது விலை. 2008இல் ஐபோன் 3ஜி அமெரிக்காவில் 199 டாலருக்குக் கிடைத்தது. அன்றைய மாற்று விகிதத்தில் அது எட்டரை ஆயிரம் ரூபாய் அளவு. அதே கருவியை அவ்வாண்டு ஆகஸ்டில் இந்தியாவில் ஏர்டெல்லும் வோடஃபோனும் 31,000 ரூபாய்க்கு விற்றன. அமெரிக்கருக்குச் சலுகை ஒன்றும் இல்லை. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் மாதாமாதம் கட்டும் கட்டணத்துக்குள் மீதி விலை ஒளிந்திருந்தது. கடையில் நிற்பவர் கண்ணுக்கு ஐபோனும் அடுத்த கைப்பேசியும் ஏறக்குறைய ஒரே விலை. அப்படியானால் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். முன்கட்டண சிம்மும் ரொக்கமும் நிலவிய இந்தியாவில் முழு விலையும் வாங்கும் அன்றே கண்முன் நின்றது. அமெரிக்காவில் ஐபோன் பாதிக்கு மேல், இந்தியாவில் இருபதில் ஒன்று என்கிற இன்றைய நிலைக்கு வேர் இங்கே இருக்கிறது. பழக்கம் வேரூன்றிய பின் அமெரிக்காவில் அந்த ஒப்பந்த முறை தளர்ந்தது, ஐபோன் தளரவில்லை.

விலையிலிருந்து அந்தஸ்து பிறக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் எமிர் காமெனிக்காவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர் ஒருவர் உயர் வருமானக்காரரா என்பதை ஊகிக்க 2016ஆம் ஆண்டுத் தரவில் வேறு எந்த வணிகப் பெயரையும்விட ஐபோன் வைத்திருப்பதே நல்ல அடையாளமாக இருந்தது. அதை வைத்து ஊகித்தால் 69 விழுக்காடு சரியாக வந்தது. அதே 2016இல் பிரிட்டனில் ஹெதர் ஷா, டேவிட் எல்லிஸ் குழுவினர் ஆளுமையையும் தளத்தையும் ஒப்பிட்டார்கள். ஐபோன் வைத்திருப்போர் கருவியை அந்தஸ்தின் அடையாளமாகச் சற்று அதிகம் கருதினார்கள். ஆண்ட்ராய்டு வைத்திருப்போர் நேர்மை, பணிவு சார்ந்த கேள்விகளில் சற்று அதிக மதிப்பெண் பெற்றார்கள். நாளிதழ்கள் இதைக் கொண்டாடின. வேறுபாடுகள் சிறியவை என்பதைத் தலைப்பில் போடவில்லை.

பச்சைக் குமிழி

அமெரிக்க இளையோரிடம் தளத் தேர்வு என்றால் குமிழியின் நிறம். 2007இல் ஐபோனின் எஸ்எம்எஸ் செய்திகள் எல்லாமே பச்சைக் குமிழியில்தான் வந்தன. 2011இல் ஆப்பிளின் சொந்தச் செய்தி முறையான ஐமெசேஜ் வந்தபோது ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகும் செய்தி நீலமாயிற்று, பச்சை பிறத்தியார் நிறமாயிற்று. நிறம் மட்டுமானால் பரவாயில்லை. 2024 வரை, குழு உரையாடலில் ஓர் ஆண்ட்ராய்டு நுழைந்தால் எல்லாருடைய செய்தியும் பழைய முறைக்கு இறங்கும். காணொளி மங்கலாகிப் போகும். ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பது தெரியாது. வகுப்பில் ஒரே ஒரு பச்சை என்றால் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வேறு குழு தொடங்குவது எளிது. வீட்டில் நச்சரித்து ஐபோன் வாங்கும் பிள்ளை அங்கே வாங்குவது கருவியை அல்ல, அந்தக் குழுவில் ஓர் இடத்தை.

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கு 2021இல் விசாரணைக்கு வந்தபோது ஆப்பிளின் உள் மின்னஞ்சல்கள் வெளியாயின. ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்கும் தரலாம் என்று 2013இல் ஆப்பிள் அதிகாரி எட்டி கியூ யோசனை சொல்ல, அப்படிச் செய்தால் ஐபோன் வைத்திருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதற்கு இருந்த தடை நீங்கிவிடும் என்று இன்னொரு அதிகாரி கிரெய்க் ஃபெடெரிகி மறுத்திருந்தார். 2022இல் ஒரு மேடையில், அம்மாவுக்குக் காணொளி சரியாகப் போய்ச் சேரவில்லை என்று ஒருவர் குறைப்பட்டபோது, அம்மாவுக்கும் ஐபோன் வாங்கிக் கொடுக்கும்படி ஆப்பிள் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித் துறை ஆப்பிள்மீது தொடுத்த ஏகபோக வழக்கின் மனுவில் பச்சைக் குமிழிக்கும் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 18 ஆர்சிஎஸ் என்ற பொது முறையை ஏற்றது, காணொளி தெளிவாயிற்று. குமிழி மட்டும் பச்சையாகவே இருக்கிறது.

இந்தியரிடம் இந்தத் தகராற்றைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே பேச்சு வாட்ஸ்அப்பில் நடக்கிறது, அதில் யார் கையில் என்ன கருவி என்று தெரிவதில்லை. சீனாவில் விசாட், கொரியாவில் காகாவோடாக், ஜப்பானில் லைன் என அங்கங்கே ஒன்று. ஆனால் லைனில் பேசும் ஜப்பானிலும் ஐபோன் பாதிக்கு மேல் இருக்கிறது. சாம்சங்கின் தாய்நாடான கொரியாவில் இருபதுகளில் இருப்போரிடம் ஐபோன் முந்துகிறது. எல்லாவற்றையும் குமிழியின் தலையில் கட்டிவிட முடியாது.

பார்வையற்றோரின் தேர்வு

ரசனைக்கும் கௌரவத்துக்கும் அப்பால் நிற்கும் தேர்வு ஒன்றும் உண்டு. தொடுதிரை வந்தபோது பார்வையற்றோர் அஞ்சினார்கள். பொத்தானைத் தடவிப் பார்க்கலாம், வழுவழுப்பான கண்ணாடியில் எதைத் தடவுவது? 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வந்த வாய்ஸ்ஓவர் அதற்கு விடை சொன்னது. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று கருவி வாசிக்கும். இருமுறை தட்டினால் திறக்கும். ஆண்ட்ராய்டிலும் அதே ஆண்டு டாக்பேக் வந்தது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவர் கூகுளின் டி. வி. ராமன், அவரே பார்வையற்றவர். ஆனால் விரலால் தடவித் திரையைக் கேட்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2011இன் 4.0 பதிப்பு வரை இல்லை. அதற்குமுன் அம்புக்குறிப் பொத்தானோ உருளையோ உள்ள கருவி தேவைப்பட்டது. அந்த இரண்டாண்டு முந்தல் இன்னும் அழியவில்லை. திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் வெப்எய்ம் அமைப்பு நடத்தும் கணக்கெடுப்புகளில் பத்துக்கு ஏழு பேர் ஐபோன்காரர்கள். உலக விகிதம் அப்படியே தலைகீழாகிறது.

தமிழ் எழுதுவோருக்கு

தமிழ் எழுத்தும் ஒரு காலத்தில் தேர்வைத் தீர்மானித்தது. தொடக்க கால ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டங்கள் தெரியும். ஓபரா மினி உலாவியின் அமைப்புக்குள் புகுந்து, எழுத்துகளைப் படமாகக் காட்டு என்று மாற்றிவிட்டுப் படித்தவர்கள் பலர். எழுதுவதில் நிலை வேறு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இலேயே தமிழ் எழுதும் செயலியான செல்லினத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்திருந்தார். ஆண்ட்ராய்டு வெளியார் விசைப்பலகைகளை 2009 முதல் அனுமதித்தது. ஆப்பிளோ 2014 வரை அனுமதிக்கவில்லை. ஐபோனில் செல்லினத்துக்குள் எழுதி, நகலெடுத்து, வேறிடத்தில் ஒட்ட வேண்டியிருந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுகங்களையும் தானே தந்த பிறகு அந்தச் சிரமம் தீர்ந்தது. இன்று இதற்காக யாரும் தளம் மாறத் தேவையில்லை.

மாறுவதன் செலவு

முதல் தேர்வைவிட அதிலேயே தங்கிவிடுவதுதான் பெரிது. அமெரிக்கச் சந்தை ஆய்வுகளில் இரு தரப்பிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அடுத்த கருவியையும் அதே தளத்தில் வாங்குகிறார்கள். இதை விசுவாசம் என்று நிறுவனங்கள் அழைக்கும். பணம் கொடுத்து வாங்கிய செயலிகள், கைக்கடிகாரம், காதுக்கருவி, மேகத்தில் கிடக்கும் பத்தாண்டுப் படங்கள், பின்னே போகக் கட்டைவிரல் தானாகத் தேடும் இடம் ஆகியவற்றைக் கூட்டினால் வேறு பெயரும் வைக்கலாம். வாட்ஸ்அப் ஒன்றே போதும். அதன் காப்பு ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கிலும் ஐபோனில் ஐகிளவுடிலும் கிடக்கிறது; ஒன்றை மற்றது படிக்காது. இறந்துபோன தாத்தாவின் குரல்பதிவு அந்த உரையாடலில் இருப்பவர் எப்படி மாறுவார்? ஐபோனிலிருந்து சாம்சங்குக்குக் கொண்டுபோக 2021இலும், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குக் கொண்டுபோக 2022இலும்தான் முறையான வழி பிறந்தது. பின்னதற்குப் புது ஐபோன் அல்லது எல்லாம் அழித்துப் புதிதாக்கிய ஐபோன் வேண்டும்.

நீண்ட நாள் புதுப்பிப்பு கிடைக்கும் என்பது வெகுகாலம் ஐபோன் தரப்பின் வலுவான வாதம். 2013இன் ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. 2023இல் பிக்சல் 8க்கு கூகுளும், 2024இல் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் ஏழாண்டு உறுதி கொடுத்த பின் விலையுயர்ந்த கருவிகளில் அந்த வேறுபாடு சுருங்கிவிட்டது. பத்தாயிரம் ரூபாய்க் கருவிக்கு அப்படி உறுதி தருவோர் அரிது.

சட்டத்தின் கை

தளங்களைச் சுற்றிய வேலிகளைத் தளர்த்தும் வேலையை இப்போது அரசுகள் எடுத்துக்கொண்டுள்ளன. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு தொடர்பாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில், கைப்பேசி செய்வோர் கூகுள் செயலிகளைத் தனித்தனியே உரிமம் பெறலாம், பயனர் தன் தேடுபொறியைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்று கூகுள் இறங்கி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்கு உட்பட்டு 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 அங்கே வேறு செயலிக் கடைகளை அனுமதித்தது. எல்லைக்கு வெளியே அதே ஐபோனில் அப்போது ஆப் ஸ்டோர் ஒன்றுதான் கடையாக இருந்தது.