திறந்த தொகுதியும் திறந்த கதவும்: கலிபோர்னியா, 1956

பதவியில் இருக்கும் உறுப்பினர் மீண்டும் போட்டியிடாமல் ஒதுங்கும் தொகுதியைத் 'திறந்த தொகுதி' என்பர். மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அத்தகைய தொகுதிக்கும் வேட்பாளரைப் பொதுவாகக் கட்சித் தலைமையே அறிவிக்கும். அமெரிக்காவிலோ, பொதுவாக வாக்காளர்களே முதல்நிலைத் தேர்தலில் வாக்களித்து வேட்பாளரைத் தெரிவு செய்கின்றனர். இம்முறை புதியவருக்கு எத்தகைய வாய்ப்பை அளிக்கும் என்பதைக் கலிபோர்னியாவின் 29ஆம் தொகுதியில் 1956இல் நிகழ்ந்த தேர்தல் காட்டுகிறது.

ரிவர்சைடு, இம்பீரியல் ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது அத்தொகுதி. குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜான் பிலிப்ஸ் ஓய்வு பெறவே, இடம் திறந்தது. சனநாயகக் கட்சியின் சார்பில் களமிறங்கியவர்களுள் ஒருவர் தலீப் சிங் சௌந்த். 1899இல் பஞ்சாபில் பிறந்த அவர், 1920இல் அமெரிக்கா சென்றார். பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் வாழ்க்கையை இம்பீரியல் பள்ளத்தாக்கில் உழவராகவே நடத்தினார். இந்தியர் குடியுரிமை பெற இயலாது என 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அத்தடையை நீக்க இந்தியர் பலர் பாடுபட்டனர். சௌந்தும் அவர்களுள் ஒருவர். 1946இல் சட்டம் மாறியது. 1949 திசம்பர் 16ஆம் நாள் அவர் குடிமகனானார்.

மறு ஆண்டிலேயே வெஸ்ட்மோர்லாந்து நீதிபதிப் பதவிக்கு மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தனர். எனினும், தேர்தலன்று குடியுரிமை பெற்று ஓராண்டு நிறைவுறவில்லை எனக் கூறிப் பதவி மறுக்கப்பட்டது. 1952இல் மீண்டும் வென்று அப்பதவியில் அமர்ந்தார்.

1956 முதல்நிலைத் தேர்தலிலும் பழைய கேள்வியே எழுந்தது. பேராளர் அவை உறுப்பினர் 7 ஆண்டுகள் குடிமகனாய் இருந்திருக்க வேண்டும் என்பது அரசமைப்பு விதி. சனநாயகக் கட்சியிலேயே எதிர்த்துப் போட்டியிட்ட வழக்கறிஞர் கார்ல் கெக்லி, இதனைக் காட்டி நீதிமன்றம் சென்றார். வாக்குப்பதிவு நடந்த சூன் திங்களில் சௌந்துக்கு 7 ஆண்டுகள் நிறையவில்லை. நவம்பர் பொதுத் தேர்தலன்றும் நிறையாது. ஆனால் 1957 சனவரி 3ஆம் நாள் புதிய அவை கூடும்போது 7 ஆண்டுகளும் 18 நாள்களும் ஆகியிருக்கும். வழக்கு வெற்றி பெறவில்லை. தன் உறுப்பினரின் தகுதியைத் தீர்மானிக்கும் உரிமையை அரசமைப்பு அவைக்கே வழங்கியுள்ளது. வாக்காளர்களும் சௌந்தையே தெரிவு செய்தனர்.

குடியரசுக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் ஆடவர் ஐவரை வென்று வந்தவர் ஜாக்குலின் காக்ரன். 1953இல் ஒலியின் வேகத்தைக் கடந்து பறந்த முதற்பெண்மணி அவர், நாடறிந்தவர், செல்வம் மிக்கவர். அதிபர் ஐசனோவரின் ஆதரவும் அவருக்கு இருந்தது. சௌந்திடம் இருந்தவை உழவர்களின் நட்பும், வீடுவீடாகச் சென்று வாக்காளரைப் பதிவு செய்த தொண்டர்களும், தம் மனைவி மக்களின் உழைப்புமே. நவம்பர் 6ஆம் நாள், ஐசனோவர் பெருவெற்றி பெற்ற அதே தேர்தலில், சௌந்து குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஆசியாவில் பிறந்து அமெரிக்கப் பேராளர் அவையில் வாக்குரிமையுடைய உறுப்பினராய் அமர்ந்த முதல்வர் அவரே.

இவ்வெற்றியைத் தனி மனிதரின் விடாமுயற்சி என்று மட்டும் கொள்வது முழுமையன்று. குடியுரிமைச் சட்டம் மாறாதிருப்பின் அவர் வாக்களிக்கவும் இயலாது. தொகுதி திறவாதிருப்பின், வேரூன்றிய உறுப்பினர் ஒருவரை எதிர்த்து நிற்க நேர்ந்திருக்கும். கட்சித் தலைமை மட்டுமே வேட்பாளரைத் தெரிவு செய்திருப்பின், குடியுரிமை பற்றிய ஐயமொன்றே அவரை ஒதுக்கப் போதுமானதாய் இருந்திருக்கலாம். மூன்று கதவுகளும் ஒருசேரத் திறந்தன; அவற்றின் வழியே நடந்து செல்லும் துணிவு அவரிடம் இருந்தது. அத்தகைய வாய்ப்பு எளிதில் அமைவதன்று. அவருக்குப்பின் இந்திய வழிவந்த இன்னொருவர் அவ்வவைக்குத் தேர்வு பெற 2004 வரை, 48 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.