ஊவா மலைநாடும் மரக்கம்பங்களும்

மலைநாட்டு வரலாற்றை எழுதுவோர் புகைவண்டிப் பாதைகளையும் பாலங்களையும் விதந்து கூறுவர். செய்தியையும் ஒளியையும் மலையேற்றிய கம்பங்களைக் கருதுவோர் சிலரே.

இலங்கையின் முதலாவது தந்தித்தொடர் 1858 ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் காலிக்கும் இடையே இயங்கத் தொடங்கிற்று. ஊவா மாகாணம் 1886 இல் அமைந்தது. புகைவண்டிப் பாதை 1894 இற் பண்டாரவளையையும், 1924 இற் பதுளையையும் அடைந்தது. வெப்பநாடுகளில் மரக்கம்பத்திற்குக் கறையானும் ஈரமும் பெரும்பகை. 1838 இல் ஜோன் பெதல் என்னும் ஆங்கிலேயர், கிரியோசோற்று எண்ணெயை அமுக்கத்தால் மரத்தினுட் செலுத்தும் முறைக்கு உரிமம் பெற்றமையே இப்பகையை வெல்ல வழி வகுத்தது.

கம்பத்தைத் தெரிதற்கு உயரம் ஒன்றே அளவன்று. காற்றும் கம்பியும் உச்சியை ஒருபுறம் இழுக்குங்கால், வளைக்கும் விசை மண்மட்டத்தை அண்டியே மிகுகின்றது. மரம் உளுப்பதும் பெரும்பாலும் அவ்விடத்திலேதான். ஆதலின் பிரித்தானிய முறையில், அடியினின்று ஏறக்குறைய ஐந்தடி மேலே விட்டத்தை அளந்து, மெல்லியது, நடுத்தரம், பருத்தது எனக் கம்பங்களை வகுத்தனர். அமெரிக்க முறையோ, உச்சிக்கு இரண்டடி கீழே கம்பம் தாங்கவல்ல பக்கச்சுமையைக் கொண்டு வகுக்கும்: முதலாம் வகுப்பிற்கு 4500 இறாத்தல், ஐந்தாம் வகுப்பிற்கு 1900 இறாத்தல். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கேற்ப வளரும். விட்டம் பத்திலொரு பங்கு கூடின், வலிமை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடும். நேர்ப்பாதையில் மெல்லிய கம்பம் போதும். ஊவா வீதிகளைப் போன்ற மலைப்பாதைகளின் முடக்குகளிற் கம்பி ஒருபக்கமாக இழுக்குமாதலால், பருத்த கம்பமும் இழுகம்பியும் வேண்டும்.

அதற்கேற்ற நெடுமரமும் ஊவாவில் வளர்ந்தது. கோப்பிப் பயிர் அழிந்து தேயிலை பரவிய பின்னர், ஆஸ்திரேலிய நாட்டு யூக்கலிப்டசு மரங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விறகாகவும், காற்றுத் தடையாகவும் நடப்பட்டன. பின்னர் வனத்திணைக்களம் பத்தனைப் புல்வெளிகளிலும் அவற்றைப் பயிரிட்டது. அம்மரங்கள் மின்கம்பங்களாகவும், சிலிப்பர்க்கட்டைகளாகவும் பயன்பட்டன. காலியை அடுத்த பூசாவில், அரச மரக்கூட்டுத்தாபனத்தின் பதனிடு நிலையத்திற் கம்பங்களுக்கு மருந்தேற்றப்பட்டது.

நீர்மின்வலுவின் பயனை 1918 இற் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர எடுத்துரைத்தார், லக்சபான நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கிற்று, இலங்கை மின்சார சபை 1969 இல் தோன்றிற்று. இவற்றிற்கு முன்னரே மலைநாட்டுத் தோட்டங்கள் பல, ஓடைநீராற் சுழலிகளை இயக்கித் தொழிற்சாலைக்கும் துரையின் பங்களாவுக்கும் மின்னொளி பெற்றிருந்தன. ஆயின், கொழுந்து கொய்தோர் வாழ்ந்த லயன்களிலே நெடுங்காலம் மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது. கம்பி கூரைக்கு மேலே சென்றும், கதவுக்குள்ளே ஒளி புகவில்லை. லயன்களிற் பெரும்பாலானவை மின்னிணைப்புப் பெற்றது இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்கூற்றிலும் அதன் பின்னருமேயாம்.

இன்று கொங்கிறீற்றுக் கம்பங்கள் பெருகிவிட்டன. எனினும் கம்பத்தின் தகுதியை அடியில் அளந்தறியும் முறை மாறவில்லை. மலைநாட்டின் முன்னேற்றத்தையும் அவ்வாறே லயன் வாசலிலிருந்து அளத்தல் வரலாற்று மாணவர்க்குத் தகும்.