சிகாகோவுக்குத் திரும்பிய மாடுகள்

1999 கோடையில் சிகாகோ தெருக்களில் 300க்கும் மேற்பட்ட கண்ணாடியிழை மாடுகள் வந்து நின்றன. நிற்பது, மேய்வது, படுத்திருப்பது என மூன்றே வார்ப்புகள்தாம். ஒவ்வொன்றிலும் ஓர் ஓவியர் தம் குறும்பைத் தீட்டியிருந்தார். முந்தைய ஆண்டு சூரிச் நகரில் இதே வேடிக்கையைப் பார்த்துவந்த காலணி வணிகர் பீட்டர் ஹானிக் நகரப் பண்பாட்டு ஆணையர் லோயிஸ் வைஸ்பெர்கிடம் சொல்ல, சிற்பி பாஸ்கல் க்னாப் வடித்த அந்த உருவங்கள் சிகாகோவுக்கும் வந்தன. கடைத்தெருவுக்குக் கூட்டம் சேர்க்கும் விளம்பரத்தைக் கலை என்பதா என்று கேட்கலாம். நிறுவனங்கள் பணம் கட்டியது உண்மை. ஆனால் கோயில் சிற்பங்களும் யாரோ கொடுத்த பொருளில் எழுந்தவைதாம். அந்த மாடுகள் ஊருக்கு எதை நினைவூட்டின என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

சூரிச்சுக்கு மாடு என்றால் மலைப்புல்லும் பாலும். சிகாகோவுக்கோ அது நகரத்தையே வளர்த்த உயிர். 1865இல் திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் சந்தைக்கு மேற்குப் புல்வெளிகளிலிருந்து ரயில் ரயிலாக மாடுகள் வந்தன. இறைச்சி குளிரூட்டிய பெட்டிகளில் கிழக்கே போனது. அப்படி உழைத்த விலங்குக்கு ஊர் கொடுத்த பெயர் என்ன? 1871இன் பெருந்தீக்கு ஓலியரி அம்மாளின் மாடு விளக்கை உதைத்ததே காரணம் என்ற பழி. ஆதாரமில்லாத அந்தப் பழியை நகர மன்றம் நீக்கியது 1997இல்தான். அதற்குள் சந்தையும் 1971இல் மூடப்பட்டு, மந்தைகள் வந்திறங்கிய காலம் கதையாகிவிட்டது. பழி நீங்கிய இரண்டே ஆண்டில் மாடு நகரின் நடுத்தெருவுக்கு வந்து நின்றதை நான் தாமதமாகச் செலுத்திய மரியாதையாகவே காண்கிறேன். கம்பீரமான நினைவுச்சின்னத்தை மக்கள் ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் கடந்துபோவார்கள். இந்த மாடுகளையோ நின்று தொட்டார்கள், குழந்தைகளை அருகே நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்த நெருக்கம் சிரிப்பால் வந்தது. பின்னர் நடந்த ஏலத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் அறப்பணிகளுக்குச் சேர்ந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது. லட்சக்கணக்கில் வெட்டுண்ட விலங்கை வண்ணம் பூசிக் கொண்டாடுவது ரத்தத்தை மறைப்பதாகாதா? சிகாகோவின் இறைச்சிக் கூடங்களைப் பற்றி 1906இல் வந்த அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவலைப் படித்தவர்கள் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. சிரிப்பு மறதியாகவே முடியவேண்டியதில்லை. ஆனால் மறதிக்கு வழிவிடும் இடம் உண்டு. 2000இல் நியூயார்க்கில் இதே காட்சி நடந்தபோது, திரைப்பட இயக்குநர் டேவிட் லிஞ்ச் தலை துண்டித்து, பின்புறத்தில் கத்தியும் முள்கரண்டியும் குத்திய மாடு ஒன்றைச் செய்து அனுப்பினார். அமைப்பாளர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். அந்த மறுப்பு தவறு. நூற்றுக்கணக்கான சிரிக்கும் மாடுகளுக்கு நடுவே அந்த ஒரு மாட்டுக்கும் இடம் கொடுத்திருக்க வேண்டும்.