கோடை விடுமுறையும் வறிய பள்ளியின் இளஞ்சிறாரும்: மூலனூர் வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

ஓராண்டில் ஒரு குழந்தை எத்தனை நாள் பள்ளியில் இருத்தல் வேண்டும் என்னும் கேள்வி, மேலோட்டமாக நோக்குவோர்க்கு நிர்வாக சம்பந்தமான ஒரு சிறு கணக்காகத் தோன்றினும், தமிழ்நாட்டின் சரித்திரத்தில் பள்ளிப் பொழுதின் அளவு ஆட்சியையே அசைத்த விஷயமாக இருந்திருக்கிறது. 1953ஆம் வருஷம் இராஜாஜி சர்க்கார், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருக்கி, இருக்கின்ற ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டே இருமுறை வகுப்பு நடத்தலாம் என்றும், எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றும் வகுத்த திட்டம், குலக்கல்வி என்னும் பெயரால் கடுமையாக எதிர்க்கப்பட்டு, 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகியபின் காமராசரால் கைவிடப்பட்டது. கைவிட்டதோடு அமையாமல், காமராசர் ஆட்சி பள்ளி வேலை நாள்களை 180இலிருந்து 200ஆக உயர்த்திற்று. 1956இல் மதிய உணவுத் திட்டத்தையும் தொடங்கிற்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது தவறு என்பது என் அபிப்பிராயம். வறியவர் வீட்டுப் பிள்ளைக்கு நாளைக் கூட்டுகிறவர் சோற்றையும் கூட்டியாக வேண்டும்.

அந்த 200 என்னும் எண், அரை நூற்றாண்டுக்குப் பின் இயற்றப்பட்ட 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலும் அப்படியே நிற்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம்; ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். நடைமுறையில் நம் பள்ளிகள் அதற்கு மேலும் சில நாள்கள் நடக்கக்கூடும். ஆயினும், எழுத்தறியத் தொடங்கும் பிள்ளைக்குக் குறைவாகவும், அறிந்து முடித்த பிள்ளைக்கு அதிகமாகவும் காலம் ஒதுக்கிய இந்த ஏற்பாட்டுக்கு, இளையவரின் களைப்பைத் தவிர வேறு நியாயம் எனக்குப் புலப்படவில்லை. இதைக் காட்டிலும் வியப்பானது மற்றொன்று. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ், பால்வாடிக் குழந்தைக்கு ஆண்டில் 300 நாள் ஊட்டுணவு தர வேண்டும் என்பது விதி. பால்வாடியைவிட்டு ஒன்றாம் வகுப்பில் கால் வைத்த அன்றே அக்குழந்தை ஏறத்தாழ நூறு நாளை இழக்கிறது. பசி ஐந்து வயதோடு தீர்ந்துவிடுவதில்லை.

இவ்விழப்பு எங்கே, எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிய மூலனூர் தக்கதோர் இடம். தாராபுரம் வட்டத்தைச் சேர்ந்த இப்பேரூர், முருங்கைக்கும் பருத்தி ஏலத்துக்கும் பெயர் பெற்ற வறட்சிச் சீமை; மானாவாரி நிலம் கைவிடும் காலத்தில் குடும்பங்களைத் தாங்குவது நூற்பு மில்லும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளுமே. விடியுமுன் மில் வண்டி வந்து நிற்கிறது. தாய் ஏறிப் போகிறாள். முழுப்பரீட்சை லீவு விட்டுவிட்டால் வீட்டில் எஞ்சுவது ஏழு வயதுச் சிறுமியும் அவள் தம்பியும் வாசற்கதவின் சாவியுமே. அத்தகைய ஒரு சிறுமியை ஜூன் மாதத்தில் இரண்டாம் வகுப்பில் கண்டேன். ஏப்ரலில் அவள் வாசித்த அதே பக்கத்தை ஆசிரியை விரித்து வைத்தார். ‘முருங்கைக்காய்’ என்னும் சொல்லின்மேல் விரலை ஊன்றி, மு என்றாள், ரு என்றாள், ங் என்னும் மெய்யெழுத்தில் நின்றுவிட்டாள். நாள்தோறும் கொட்டகையில் கட்டுக் கட்டாகக் காணும் பொருளின் பெயர் அது. லீவில் என்ன செய்தாய் என்று கேட்டதற்குத் தம்பியைப் பார்த்துக்கொண்டேன் என்றாள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்றதற்கு, காலையில் அம்மா ஆக்கி வைத்துவிட்டுப் போன சோறுதான் என்றாள். அச்சொல்லில் முறையீடு ஒன்றும் இல்லை. அதனாலேயே அது என் மனத்தைவிட்டு நீங்கவில்லை.

கோடை மறதியைப்பற்றி உலகில் நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982இல் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிய கார்ல் அலெக்சாண்டரும் டோரிஸ் என்ட்விசிலும், பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழையும் செல்வனும் ஏறக்குறையச் சமமாகவே கற்கின்றனர் என்றும், பள்ளி மூடிய கோடையிலேதான் இடைவெளி விரிகிறது என்றும் கண்டனர். பிற்காலத்தார், பழைய தேர்வுகளின் அளவுகோல் அந்த இடைவெளியை மிகைப்படுத்தியிருக்கலாம் என்று ஐயுறுகின்றனர். அந்த ஐயத்தை நாம் புறக்கணிப்பது அறிவுடைமையன்று. ஆயின் நமக்கு நம் மண்ணிலேயே சாட்சியம் இருக்கிறது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்துக்கு முன்னும் பின்னும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்த அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், 2021 டிசம்பரில் மொழியைவிடக் கணக்கில் நஷ்டம் பெரிதாக இருந்தது என்றும், பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்றும், அம்மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்றும் நிறுவினர். 2021 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டம் செய்ததெல்லாம், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம், தெருத்திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ, அதே ஊர்ப் பெண்ணொருத்தியைக் கொண்டு பிள்ளைகளை உட்கார்த்தி வைத்ததுதான். சிறிது நேரமேயாயினும் கூட்டிய நேரம் பலன் தந்தது.

ஆகவே, வறிய குடும்பத்துப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில், ஒன்று முதல் மூன்று வகுப்பு வரையிலேனும், மே மாதத்தில் இருபத்தைந்து நாள் காலைப் பள்ளி நடத்துதல் அவசியம் என்று துணிகிறேன். அக்கினி நட்சத்திரத்து வெயிலில் பிள்ளைகளை வதைப்பதா என்பார் உளர். நியாயமான கவலையே, ஆதலால்தான் பதினொரு மணிக்கு முன் பாடம் முடிதல் வேண்டும் என்கிறேன், தகரக் கொட்டகையில் பூட்டிய கதவுக்குள் கழியும் பகலைவிட வேப்ப மரத்தடி வகுப்பு அக்குழந்தைக்குக் குளிர்ச்சியே. விடுமுறை குழந்தையின் உரிமை என்பாரும் உளர். பாட்டி வீடும் ஆற்றங்கரையும் வாய்த்த குழந்தைக்கு அது முற்றிலும் உண்மை; தம்பியைக் காவல் காப்பதை விடுமுறை என்று சொல்ல என் நாவு எழவில்லை. ஆசிரியர்களை நிர்ப்பந்திப்பதை நான் ஆதரிக்கவில்லை. விரும்பி வருவோர்க்குத் தனி ஊதியமும், துணைக்கு இல்லம் தேடிக் கல்வியில் பழகிய தன்னார்வலர்களும் போதும். ஆனால் அவர்களுக்கு அத்திட்டம் அளித்த மாதம் ஆயிரம் ரூபாயையே இதற்கும் அளிப்பது நீதியாகாது.

பாடநூலை முன்கூட்டியே தொடங்கிவைக்கும் வகுப்பாக இது மாறிவிடுமானால் பயனில்லை. கதை கேட்டல், உரக்க வாசித்தல், புளியங்கொட்டையும் குச்சியும் கொண்டு எண்ணிப் பார்த்தல் ஆகிய இவையே போதும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இதற்கான கருவிகளை ஏற்கெனவே ஆசிரியர் கையில் கொடுத்திருக்கிறது.

சோற்றுக்கும் வழி உண்டு. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டிருக்கிறது. 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு உண்டு. அடுப்பும் பாத்திரமும் அங்கேயே இருக்கின்றன. சத்துணவுக் கூடத்தின் பூட்டைத் திறப்பதற்கும், சமைக்கும் பெண்களுக்கு மே மாதக் கூலி கொடுப்பதற்கும் ஓர் அரசாணை வேண்டும். அவ்வாணையில் நேரத்தையும் குறித்துவிடுதல் நலம்: மில் வண்டி விடியுமுன்னே வந்துவிடுவதால், பள்ளியின் வெளிக்கதவு ஒன்பது மணிவரை காத்திராமல் ஏழு மணிக்கே திறந்திருக்க வேண்டும், தம்பியையும் கையோடு அழைத்து வர அனுமதி வேண்டும்.