செஞ்சி காத்த இரகசியங்கள்

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையின் கல்வலிமையைப் புகழ்ந்து எழுதினோர் அநேகர். ஆயினும் 1690 முதல் 1698 வரை விட்டு விட்டு நீடித்த முகலாய முற்றுகைக்கு அது ஈடுகொடுத்ததில், காரியத் திட்டங்களை அறிய வேண்டியவர் மட்டுமே அறியும்படி காத்த எச்சரிக்கைக்கும் பெரும்பங்கு உண்டு என்பது என் துணிபு.

1689இல் மராட்டிய அரசர் சம்பாஜி முகலாயரால் கொல்லப்பட்டு, தலைநகர் இராய்கட்டும் முற்றுகைக்கு உள்ளானபோது, தம்பி இராஜாராம், தந்தை சிவாஜி 1677இல் பிஜப்பூராரிடமிருந்து கைப்பற்றிப் பலப்படுத்திய செஞ்சியைப் புகலிடமாகக் கொள்ள நிச்சயித்து, துறவி வேடம் பூண்டு, சிறு கூட்டத்தோடு, கெளதி அரசி சென்னம்மாவின் ஆதரவும் பெற்று, அவ்வாண்டு இறுதிக்குள் இங்கு வந்து சேர்ந்தார். பகைவர் வழியெங்கும் தேடிய அந்தப் பிரயாணத்தைக் கேசவ பண்டிதர் 'இராஜாராம சரிதம்' என்னும் சமஸ்கிருத காவியமாகவே பாடிவைத்தார்.

அரசர் செஞ்சியிலும், அமாத்தியர் இராமச்சந்திர பந்த் மகாராஷ்டிரத்திலுமாக இராஜ்யம் இரு கூறாயிற்று. இடைப்பட்ட நெடுந்தூரத்தைக் கடிதங்களே இணைத்தன. மராட்டியர் அரசாங்கக் கடிதத்தின் தலைப்பில் அரசமுத்திரை பதித்ததோடு, வாசகம் முடியும் இடத்திலும் எல்லை காட்டும் சிறு முத்திரை ஒன்றைப் பதித்தனர். அதற்குக் கீழே பிறர் ஒரு வரியும் சேர்த்தல் இயலாது. திட்ட அட்டவணையைக் கணினியில் பூட்டி, படிப்பதற்கு மட்டும் அநுமதி தந்து அனுப்பும் இந்நாளைய ஏற்பாடும், பிறர் கைவைத்துவிடுவரோ என்னும் இதே கவலையிலிருந்து பிறந்ததுதான்.

முற்றுகையிட்டவர் பாசறையிலோ இந்த எச்சரிக்கை இல்லை. 1692 இறுதியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்ப்படேயும் தனாஜி ஜாதவும் முகலாயப் படையைச் சூழ்ந்துகொள்ள, பாதுஷா ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்னும் வதந்தியும் பரவியபோது, இளவரசர் காம் பக்ஷ் இராஜாராமுடன் அந்தரங்கத் தூது நடத்தலானார். தம் கூடாரத்திலேயே பிறர் காதுகள் இருப்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. செய்தி ஒற்றர் வழியே வெளிப்பட்டது. அமைச்சர் ஆசத் கானும் அவர் மகன் சுல்பிகார் கானும் பாதுஷாவின் புத்திரரையே சிறைப்படுத்தினர். அத்துடன் முற்றுகையும் குலைந்து, சேனை வந்தவாசிக்குப் பின்வாங்கிற்று. அந்தச் சுல்பிகார் கான்தான் இராய்கட்டைக் கைப்பற்றியவர். மலைக்கோட்டையை வெல்லத் தெரிந்தவருக்கு உடன்வந்த இளவரசரின் மனத்தை முன்னறிய இயலவில்லை.

மீண்டும் முற்றுகை இறுகி, 1698 தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தபோது இராஜாராம் அங்கில்லை. அவர் வேலூருக்கும், பின்னர்த் தம் நாட்டுக்கும் சென்றுவிட்டார். அவர் தப்பிச் செல்வதற்கு, முகலாயர் பக்கம் சேர்ந்திருந்த உறவினர் கணோஜி சிர்க்கேயின் உதவியை, அரசரின் இலிகிதங்களைப் பேணிய சிட்னிஸ் கண்டோ பல்லாள், தமது தாபோல் வதன் என்னும் பரம்பரை உரிமையையே விலையாகக் கொடுத்துப் பெற்றார் என்று மராட்டிய மரபு சொல்கிறது.