மூலம் என்று விட்டுவிடும் இரத்தம்: பெருங்குடல் பொலிப்புகள் பற்றி

மலத்தோடு இரத்தம் போனால் எங்கள் வீடுகளில் முதலில் வரும் சொல் 'மூலம்'. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெருங்குடலின் உட்சுவரில் வளரும் பொலிப்பிலிருந்தும் இரத்தம் கசியலாம். இரத்தத்தைப் பார்த்து மட்டும் எதுவென்று சொல்ல முடியாது.

பொலிப் என்பது குடலின் உட்படையில் கலங்கள் அளவுமீறிப் பெருகி உண்டாகும் சிறு சதைத் திரட்சி. சில காளான் போலக் காம்போடு நிற்கும். சில தட்டையாகப் படிந்திருக்கும், பரிசோதனையிலும் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடியவை. பெரும்பாலானவை புற்றுநோயாவதில்லை. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 'அடினோமா' என்ற வகை. கலங்களின் மரபணுக்களில் மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, சிறிய அடினோமா ஒன்று புற்றுநோயாகப் பொதுவாக 10 வருடங்கள் அளவில் செல்லும். 1 சென்ரிமீற்றரை எட்டியவற்றில் ஆபத்து அதிகம். இவ்வளவு காலமும் அநேகமாக வலியே இருக்காது. கண்ணுக்குத் தெரியாத கசிவால் இரத்தச்சோகை வரலாம். அதற்கு இரும்புச்சத்துக் குளிசையை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோர் பலர்.

1985 இல் அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் றீகனுக்குச் சிறு பொலிப் ஒன்றை அகற்றப்போன இடத்தில், பெருங்குடலின் மறுமுனையில் பெரியதொன்று தென்பட்டது. அதற்குள் புற்றுநோய் இருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் அவர் 2004 வரை வாழ்ந்தார்.

ஜனாதிபதிக்குக் கிடைத்த பரிசோதனை மஹய்யாவயில் உள்ளவருக்கு எட்டாததல்ல. கண்டி மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம் அது. கண்டி தேசிய வைத்தியசாலையும் அதே நகரில்தான். அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை, காத்திருப்பு உண்டு. தடை வேறு இடத்தில் இருக்கிறது. கொலனோஸ்கோபிக்கு முதல் நாள் பேதி மருந்து குடித்துக் குடலை முழுதாகக் கழுவ வேண்டும். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் லயன் வீட்டில் அது எப்படி முடியும்? இதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. முதல் நாளே வாட்டில் அனுமதிக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். மயக்க மருந்து கொடுத்தால் அன்று வேலைக்குப் போக முடியாது. நாட்சம்பளக்காரருக்கு இரண்டு நாள் கூலி போகும். இதுவும் செலவுதான்.

கிளினிக்கில் கேட்கும் ஒரு கேள்வி எங்களில் பலரைத் தடுமாற வைக்கும்: "குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா?" 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள், பிறகு யுத்தத்தில் மீண்டும் சிதறின. தகப்பன் காணாமலாக்கப்பட்டவருக்கு, அவர் உயிரோடிருந்தால் என்ன நோய் வந்திருக்கும் என்று எப்படித் தெரியும்? "இல்லை" என்று சொல்லாதீர்கள். "தெரியாது" என்றே சொல்லுங்கள். வைத்தியருக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. பெற்றோர் அல்லது சகோதரர் ஒருவருக்கு இளவயதில் இந்நோய் வந்திருந்தால், பரிசோதனையை 40 வயதிலோ அவருக்கு நோய் கண்ட வயதுக்கு 10 வருடம் முன்னரோ, எது முந்தியதோ அப்போது தொடங்கச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு 45 அல்லது 50 வயது.

பொலிப் கண்டால் பெரும்பாலும் அதே குழாய் வழியாகக் கம்பி வளையத்தால் வெட்டி எடுத்து, பயொப்சிக்கு அனுப்புவார்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்பதை அந்த அறிக்கையும், பொலிப்பின் எண்ணிக்கையும் அளவும் தீர்மானிக்கும். அறிக்கையின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். வன்னியிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சகோதரருக்கும் அதைப் படமெடுத்து அனுப்புங்கள்.