கதையும் கடமையும்: மட்டக்களப்புக் கண்ணகி வழக்குரையும் எகிப்திய மக்கட் கதைமரபும்

மக்கள் இலக்கியத்தை ஆராயப் புகுவோர், இக்கதையை ஆக்கியவர் யார், இது எக்காலத்தது என்னும் வினாக்களையே பெரும்பாலும் முதலிற் கேட்பர். இவை வேண்டிய வினாக்களே. ஆயின் ஏட்டிலும் நாவிலும் வாழும் கதைக்கு இவற்றினும் அடிப்படையான வினா வேறொன்றுண்டு. இக்கதையைச் சொல்லவேண்டிய கடமை யாருக்குண்டு, எந்நாளில் உண்டு என்பதே அது. ஒரு கதை நிலைப்பதும் மறைவதும் இக்கடமையின் வலிமையைப் பொறுத்தனவாம். இதனை மட்டக்களப்பின் கண்ணகி சடங்கையும் எகிப்தியரின் கதைமரபையும் ஒருங்குவைத்து நோக்கித் தெளியலாம்.

வைகாசித் திங்களில் மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலுமுள்ள கண்ணகி கோயில்களிற் கதவு திறக்கப்படுகிறது. பூரணையையொட்டி நிகழும் இச்சடங்கின் இரவுகளில் கண்ணகி வழக்குரை படிக்கப்படும். வரம்பெறு காதை, கடலோட்டு காதை, அடைக்கலக் காதை, கொலைக்களக் காதை, வழக்குரைத்த காதை எனக் கதை ஒழுங்காக நடக்கும். கல்யாணப் பகுதி படிக்கப்படுங்கால் கோயிலிற் கல்யாணக்கால் நடப்படும். இறுதியில் உடுக்கொலியுடன் குளிர்த்தி பாடி, வேப்பிலையால் நீர் தெளிப்பர். இங்கே கதை சடங்குக்கு வெளியே நிற்கும் அணியன்று. கதையின் போக்கே சடங்கின் போக்கு. ஏட்டுவடிவில் வழங்கிவந்த இந்நூலைப் பண்டிதர் வி.சீ. கந்தையா பதிப்பித்து 1968 இல் அச்சேற்றினார். அச்சுநூல் கைக்கு வந்தபின்னரும் படிப்பு நின்றுவிடவில்லை. படிப்பின் நோக்கம் கதையை அறிவதன்று, அம்மனைக் குளிர்விப்பதாகும்.

சிலப்பதிகாரத்துக்கும் வழக்குரைக்குமுள்ள வேறுபாடும் இவ்விடத்து நோக்கத்தக்கது. இளங்கோவின் கண்ணகி மதுரையை எரித்தபின் சேரநாடு சென்று விண்ணேறுகிறாள்; அவளுக்குக் கல்லெடுத்தல் அரசன் செயலாகிறது. வழக்குரையின் கண்ணகியோ மாங்கனியிற் பிறந்தவள். பேழையிலிடப்பட்டு நீரில் விடப்பட்டவள். அவள் சினத்தை ஆற்றுவது குளிர்ச்சிக் காதை. அச்செயல் அரசனுடையதன்று, ஆயர் மகளிருடையது. அவர்கள் அன்று செய்ததையே ஊரார் ஆண்டுதோறும் செய்கின்றனர். ஆகவே கதையின் முடிவு ஏட்டில் இல்லை. கோயில் முன்றிலிலே கூடிநிற்கும் மக்களிடம் இருக்கிறது.

இனி எகிப்தை நோக்குவோம். 1836 இல் வெளிவந்த தமது நூலில் எட்வேட் லேன் என்னும் ஆங்கிலேயர், கெய்ரோ நகரின் கதைசொல்வோரை மூவகைப்படுத்தினார். அபூ சைத் என்னும் வீரனின் கதையைப் பாடுவோர் ஏறத்தாழ 50 பேர். பைபர்ஸ் மன்னனின் கதை சொல்வோர் 30 பேர். அந்தரின் கதை சொல்வோர் 6 பேர் என அவர் கணக்கிட்டார். முதல்வகையினர் நூலின்றி நினைவிலிருந்து, நரம்பிசைக் கருவியுடன் பாடினர். அந்தர் கதையினரோ நூலைக் கையில் வைத்து வாசித்தனர். கோப்பிக்கடை உரிமையாளர் தரும் சிறுதொகையும் கேட்போரின் கொடையுமே இவர்களுக்கு ஊதியமாயிருந்தன.

அபூ சைத்தின் கதை, பனீ ஹிலால் குலத்தார் அராபியத் தீபகற்பத்திலிருந்து வட ஆபிரிக்காவுக்குப் பெயர்ந்த வரலாற்றைப் பின்னணியாகக் கொண்டது. 2003 இல் யுனெஸ்கோ இதனை மானிடத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008 இல் அது உலகப் பட்டியலில் இடம்பெற்றது. இப்பெருமை வந்தகாலத்தில் பாடகர் தொகை மிகவும் அருகியிருந்தது. முழுக்கதையையும் பாடவல்லவர் எனப் புகழ்பெற்ற சையத் அல் தவ்வி 2016 இல் மறைந்தார். கவிஞர் அப்துல் ரஹ்மான் அல் அப்னூதி இக்கதையைப் பாடகர் வாயிலாகத் திரட்டி வானொலியிலும் நூலிலும் வழங்கியமையாற் பெரும்பகுதி காக்கப்பட்டது உண்மையே. ஆயினும் காக்கப்பட்ட பாட்டு வேறு, பாடப்படும் பாட்டு வேறு. கேட்போர் சுவையும் கொடையும் தாங்கிய கலை, கேட்போர் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் திரும்பியபோது தாங்குவாரின்றித் தளர்ந்தது.

அங்கும் நாட்காட்டியுடன் பிணைந்தவை எளிதில் அழியவில்லை. 1276 இல் மறைந்த ஞானி அகமது அல் பதவியின் விழா தந்தா நகரில் ஆண்டுதோறும் நிகழ்ந்து, பெருந்திரளான மக்களை இன்றும் ஈர்க்கிறது. ஆனால் நாட்காட்டி மட்டும் போதாது. இசிஸ் தேவி தன் கணவனை நினைந்து வடிக்கும் கண்ணீராலேயே நைல் பெருகுகிறது எனப் பண்டைய எகிப்தியர் கருதியதைக் கிரேக்கரான பௌசானியஸ் குறித்துள்ளார். பிற்காலத்து மக்களும் ஜூன் நடுப்பகுதியில் ஓரிரவை 'துளியின் இரவு' எனக் கொண்டாடினர்; அவ்விரவில் வானிலிருந்து விழும் துளியால் ஆறு பெருகத் தொடங்கும் என்பது நம்பிக்கை. 1970 இல் அஸ்வான் உயர் அணை நிறைவெய்தியபின் ஆண்டு வெள்ளம் நின்றது. வெள்ளம் நின்றபின் துளியின் இரவு தன் பொருளை இழந்தது.

கணவனை இழந்த இசிசும் கண்ணகியும், பேழையில் மிதந்த ஒசிரிசும் கண்ணகியும் என ஒப்புமை கண்டு, ஒன்றிலிருந்து மற்றையது பிறந்ததென முடிவுகட்டுவது பொருந்தாது. ஆற்றையும் மழையையும் நம்பிய உழவர் சமூகங்கள், பெண்ணின் துயரிலே நீரைக் கண்டன என்ற அளவில் நிற்பதே முறை.

துளியின் இரவுக்கு நேர்ந்தது குளிர்த்திக்கும் நேரவேண்டுமன்றோ? அம்மன் சினமெனக் கருதப்பட்ட பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென 1980 இல் அறிவிக்கப்பட்டது. கொப்பளிப்பானுக்கும் சின்னமுத்துக்கும் இன்று மருத்துவமனை உண்டு. எனினும் குளிர்த்தி நிற்கவில்லை. 1978 இன் சூறாவளிக்கும் 2004 இன் ஆழிப்பேரலைக்கும் 2009 வரை நீண்ட போருக்கும் பின்னரும் கதவு திறக்கப்படுகிறது. காரணம், இக்கதையின் நடுவே நோயைவிட ஆழமானதொன்று இருப்பதே. குற்றமற்ற ஒருவன் அடைக்கலம் புகுந்த ஊரிலே விசாரணையின்றிக் கொல்லப்பட்டான். அவன் மனைவி அரசன் முன் சென்று வழக்குரைத்தாள். செங்கலடியை அடுத்த வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் 1990 இல் ஆயிரக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்தனர். அவர்களுள் 158 பேர் அவ்வாண்டு செப்டெம்பர் 5 அன்று படையினராற் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போயினர். அவர்தம் தாயரும் மனைவியரும் வாழும் ஊர்களில் அடைக்கலக் காதையும் வழக்குரைத்த காதையும் பழங்கதையாக மட்டும் கேட்கப்படுவன அல்ல. கண்ணகிக்கு அரசன் செவிசாய்த்தான். தன் பிழையுணர்ந்து உயிர்விட்டான். விடைபெறாத வழக்குடையோர்க்கு இப்பகுதி ஆண்டுதோறும் நீதியின் அளவுகோலை நினைவூட்டுகிறது.

ஆகவே மரபைக் காத்தல் என்பது பதிவுசெய்து பேழையில் அடைப்பது மாத்திரமன்று. பதிவு வேண்டியதே, ஊருக்கு ஊர் வேறுபடும் பாடங்களும் படிப்போர் இசையும் இன்னும் முழுமையாகத் திரட்டப்படல் வேண்டும். சடங்கைச் சுருக்கி மேடையில் ஒருமணிநேரக் காட்சியாக்கும் ஆர்வத்தினிடம் எச்சரிக்கையும் வேண்டும். கேட்போர் சுவையை மட்டும் நம்பிய கலைக்கு நேர்ந்ததைக் கெய்ரோவின் கோப்பிக்கடைகள் காட்டுகின்றன. காதைகளை இரவிருந்து படிக்கும் இளையோர் ஊருக்கு இருவர் உருவாயின், அச்சுநூலும் ஒலிப்பதிவும் அவர்களுக்குத் துணையாகும். உருவாகாவிடின், அவை நினைவுச்சின்னங்களாகவே எஞ்சும்.